கப்பலிலிருந்து தொடங்காதீர்கள்: காலனிய அமெரிக்காவில் ஒரு ஜெர்மன் விவசாயியைத் தேடும் முறை

இந்தத் தேடலில் புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் திறப்பது பிலடெல்பியா துறைமுகத்தின் கப்பல் பட்டியலைத்தான். யோஹானஸ் முல்லர் என்று தேடுவார்கள். ஒருவர் அல்ல, பலர் கிடைப்பார்கள். ஆண்டு ஓரளவு பொருந்துகிற ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர்தான் நம் ஆள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அன்று முதல் வேறு யாரோ ஒருவருடைய வாழ்க்கையை எழுதத் தொடங்குகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் வம்சாவளிகள் பலவற்றில் இந்தப் பிழை இருக்கிறது. ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியதால் அது பெருகிக்கொண்டே போகிறது.

ஆகவே முதல் விதி: நீங்கள் தேடும் விவசாயியின் மரணத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். இரண்டாவது விதி அதைவிட முக்கியம்: அவருடைய பெயரை மட்டும் தேடாதீர்கள், அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துத் தேடுங்கள். பெயர் மாறும், எழுத்து மாறும், கவுண்டி என்னும் மாவட்டத்தின் எல்லைகூட மாறும். பக்கத்து வயல்காரர்கள் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. அவர்களில் பலர் அவரோடு ஒரே கப்பலில் வந்தவர்களாகவோ, ஜெர்மனியின் ரைன் ஆற்றங்கரையில் ஒரே ஊரைச் சேர்ந்தவர்களாகவோ இருப்பார்கள்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1683இல் கிரேஃபெல்ட் நகரத்திலிருந்து வந்த 13 குடும்பங்கள் பிலடெல்பியாவுக்கு அருகே ஜெர்மன்டவுனை நிறுவின. 1709இல் ஆயிரக்கணக்கான ஜெர்மானியர் லண்டனில் வந்து குவிந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் 1710இல் நியூயார்க்குக்கு அனுப்பப்பட்டார்கள். அதன்பின் பிலடெல்பியாவே பெரிய வாசலாயிற்று. 1749 முதல் 1754 வரை வரத்து உச்சத்தில் இருந்தது; பிறகு ஏழாண்டுப் போர் அதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. நீங்கள் தேடும் விவசாயி பென்சில்வேனியாவில் நிலம் வாங்கியவராக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்பதால், இங்கே அந்த மாகாணத்தின் ஆவணங்களையே எடுத்துக்கொள்கிறேன்.

அவர் விட்டுச்சென்றவை

உயில் இருக்கிறதா என்று பாருங்கள். கவுண்டித் தலைநகரில் உள்ள உயில் பதிவாளர் அலுவலகத்தில் அது இருக்கும். பெரும்பாலான பழைய பதிவேடுகளை ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மனைவி, பிள்ளைகள், மருமகன்கள், நிறைவேற்றுபவர்கள், சாட்சிகள் என்று உயிலில் வரும் எல்லாப் பெயர்களையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றையும் விடாதீர்கள். சாட்சிகளில் ஒருவர் மனைவியின் சகோதரராக இருக்கலாம். அது தெரியவர உங்களுக்கு ஓர் ஆண்டு ஆகலாம்.

பதிவேட்டில் இருப்பது எழுத்தர் எடுத்த பிரதி. அதன் கீழே காணும் கையெழுத்தும் எழுத்தருடையதே. மூல உயில் தனிக் கட்டில் இருக்கும். அதன் படத்தைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் விவசாயி தம் கையால் போட்ட கையொப்பம் பின்னால் மிகவும் தேவைப்படும்.

உயிலோடு சேர்ந்து சொத்து விவரப் பட்டியல் ஒன்று இருக்கும். இறப்புக்குப் பின் அண்டை வீட்டார் இருவர் வந்து வீட்டையும் களஞ்சியத்தையும் சுற்றிப் பார்த்து ஒவ்வொரு பொருளுக்கும் விலை போட்ட பட்டியல் அது. எனக்கு இந்தத் தேடலிலேயே மிகவும் பிடித்த ஆவணம் இதுதான். அரிவாள், ஆளிநார் சீவும் பலகை, ராட்டை, தேன்கூடுகள், இறகு மெத்தை, தானியம் தூற்றும் இயந்திரம், இரும்புத் தகட்டு அடுப்பு என்று ஒரு குடும்பத்தின் அன்றாடம் வரிவரியாகக் கிடைக்கிறது. 'நிலத்தில் நிற்கும் தானியம்' என்று ஒரு வரி வந்தால், குளிர்காலக் கோதுமையோ ரை என்னும் கம்புக்கோதுமையோ விதைத்துவிட்டு அறுவடைக்கு முன் அவர் போய்ச் சேர்ந்திருக்கிறார் என்று பொருள். ஜெர்மன் வேதாகமம் என்றிருந்தால் அது ஊரிலிருந்து கொண்டுவந்ததாகவும் இருக்கலாம். கிறிஸ்டோஃப் சௌவர் 1743இல் ஜெர்மன்டவுனில் அச்சிட்டதாகவும் இருக்கலாம். கடைசிப் பக்கத்தில் கடன் பத்திரங்கள் வரும். யார் யாருக்குக் கொடுத்தார், யாரிடம் வாங்கினார் என்பது அண்டை வீட்டார் பட்டியலின் இன்னொரு வடிவம்.

மனைவிக்கு எழுதிவைத்ததை ஊன்றிப் படியுங்கள். பல ஜெர்மன் உயில்களில், பண்ணையைப் பெறும் மகன் தாய்க்கு ஆண்டுதோறும் எத்தனை புஷல் கோதுமை, எத்தனை புஷல் கம்புக்கோதுமை, எவ்வளவு ஆளிநார் தர வேண்டும், எந்த அறை அவருடையது, தோட்டத்தில் எந்தப் பகுதி, அவருடைய பசுவுக்குத் தீனி யார் பொறுப்பு, விறகை வெட்டி வாசலில் கொண்டுவந்து போட வேண்டும் என்பது வரை எழுதப்பட்டிருக்கும். இது அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த வழக்கம். தந்தை உயிரோடு இருக்கும்போதே பண்ணையை மகனுக்கு மாற்றி இப்படி ஒப்பந்தம் போட்டுக்கொள்வதும் உண்டு. அப்படியானால் உயிலைத் தேடிப் பயனில்லை; கிரையப் பத்திரங்களுக்குள்தான் அது கிடக்கும்.

உயில் எழுதாமல் இறந்திருந்தால் அனாதைகள் நீதிமன்றப் பதிவுகளுக்குப் போங்கள். பெயரைப் பார்த்து விலகிவிடாதீர்கள். தந்தை இறந்த பிள்ளைகளின் சொத்து விவகாரம் முழுவதும் அங்கேதான் நடந்தது. 14 வயது நிரம்பிய பிள்ளை தன் பாதுகாவலரைத் தானே தேர்ந்தெடுக்கலாம். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு நீதிமன்றமே நியமிக்கும். பிறந்த தேதி எங்கும் கிடைக்காத பிள்ளையின் வயதை இதை வைத்து ஓரளவு கணிக்கலாம். மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு என்பது அன்றைய பென்சில்வேனியச் சட்டம். பங்கு பிரித்த கணக்கைப் பார்த்தாலே யார் மூத்தவர் என்று தெரிந்துவிடும்.

நிலம்

நம் ஊர்ப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள்: இன்னாருடைய நிலத்துக்கு வடக்கு, வாய்க்காலுக்குக் கிழக்கு என்று. பென்சில்வேனிய நில அளவையும் அப்படித்தான் பேசுகிறது. ஒரு கறுப்பு ஓக் மரத்தில் தொடங்கி, இத்தனை டிகிரி திரும்பி, இத்தனை பெர்ச் போனால் இன்னாருடைய எல்லையில் ஒரு கல் என்று போகும். ஒரு பெர்ச் 16.5 அடி, 160 சதுர பெர்ச் ஓர் ஏக்கர். வரைபடத்தின் ஓரங்களில் அண்டை நிலக்காரர்களின் பெயர்கள் இருக்கும். எடுத்து நோட்டில் சேருங்கள்.

நிலம் மாகாணத்தின் உரிமையாளர்களான பென் குடும்பத்தாரிடமிருந்து வாங்கப்பட்டது. முதலில் மனு; அதன்பேரில் அளக்கச் சொல்லும் வாரண்ட்; பிறகு அளவை; முழுப் பணமும் கட்டியபின் பட்டா. 1730களில் 100 ஏக்கருக்கு 15 பவுண்டு 10 ஷில்லிங் விலை; அதற்குமேல் ஏக்கருக்கு ஆண்டுக்கு அரைப் பென்னி நிலவரி. ஒரு விவசாயிக்கு இது சிறிய தொகை அல்ல. வாரண்டுக்கும் பட்டாவுக்கும் இடையில் இருபது, முப்பது ஆண்டுகள் ஓடிவிடுவது சாதாரணம். வாரண்ட் ஒருவர் பெயரிலும் பட்டா இன்னொருவர் பெயரிலும் இருந்தால் குழம்ப வேண்டாம். நடுவில் நிலம் கைமாறியிருக்கிறது. ஹாரிஸ்பர்க் நகரில் உள்ள மாநில ஆவணக் காப்பகம் வாரண்ட் பதிவேடுகளையும் அளவைப் படங்களையும் இணையத்தில் வைத்திருக்கிறது.

வாரண்டில் உள்ள தேதியை அவர் குடியேறிய தேதி என்று எடுத்துக்கொள்வது புதியவர்கள் செய்யும் அடுத்த தவறு. பலர் முதலில் காட்டைத் திருத்திக் குடிசை போட்டு, சில ஆண்டு கழித்தே மனுச் செய்தார்கள். வாரண்டின் நடுவே 'வட்டியும் நிலவரியும் இன்ன ஆண்டு மார்ச் 1 முதல்' என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அந்த ஆண்டிலிருந்தே அந்த நிலத்தில் யாரோ பயிரிட்டிருக்கிறார்கள்.

பென்சில்வேனியாவின் டல்பிஹாக்கன் பள்ளத்தாக்கில் இந்த இடைவெளிக்கு வேறொரு காரணமும் உண்டு. நியூயார்க்கிலிருந்து ஜெர்மன் குடும்பங்கள் 1723இல் அங்கே வந்து குடியேறின. அந்த நிலம் அப்போது பூர்வகுடிகளான லெனாப்பே மக்களுடையது. அதுவரை அவர்களிடமிருந்து வாங்கப்படவே இல்லை. அவர்களின் தலைவர் சசூனன் 1728இல் பிலடெல்பியாவுக்கு வந்து முறையிட்டார். விற்பனைப் பத்திரம் 1732இல்தான் எழுதப்பட்டது. ஒரு குடியேறியின் வாழ்க்கையை எழுதுகிறவர் இந்தப் பத்திரத்தையும் படித்தே ஆக வேண்டும். அவர் உழுத மண்ணுக்கு அவருக்கு முன்னே ஓர் உரிமைக்காரர் இருந்தார். அவர்களின் பெயர்களும் எழுத்தில் இருக்கின்றன.

கவுண்டி எல்லைகளையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். லான்காஸ்டர் 1729இல் செஸ்டரிலிருந்து பிரிந்தது. யார்க் 1749, கம்பர்லாண்ட் 1750, பெர்க்ஸ், நார்தாம்ப்டன் இரண்டும் 1752, லெபனான் 1813. ஓர் அடிகூட நகராமல் ஒரே வீட்டில் இருந்தவரின் பத்திரங்கள் இரண்டு மூன்று கவுண்டி அலுவலகங்களில் கிடக்கும். இன்றைய வரைபடத்தைப் பார்த்துத் தேடினால் பாதி தவறிவிடும்.

வரிப் பட்டியல்களில் ஏக்கர், குதிரை, மாடு, ஆடு எண்ணிக்கை இருக்கும். 21 வயதைக் கடந்த மணமாகாத ஆண்கள் தனியே எழுதப்பட்டிருப்பார்கள். ஒரு மகன் அந்தத் தனிப் பட்டியலில் முதன்முதலில் தோன்றும் ஆண்டையும், அங்கிருந்து மறையும் ஆண்டையும் குறித்துக்கொண்டால் அவருடைய வயதும் திருமணமும் ஏறக்குறையப் பிடிபடும். சீனியர், ஜூனியர் என்ற ஒட்டுகளை நம்பாதீர்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் வயதில் மூத்தவர் சீனியர். அவர்கள் தந்தை மகனாக இருக்க வேண்டியதில்லை.

தேவாலயப் பதிவேடு

லூதரன், சீர்திருத்தச் சபை ஆகிய இரண்டும் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துப் பதிவு செய்தன. மெனோனைட்டுகள் என்ற சபையார் குழந்தை ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. அந்தக் குடும்பங்களுக்கு நிலமும் உயிலும்தான் வழி. பல இடங்களில் இரு சபையாரும் ஒரே கட்டடத்தை மாறி மாறிப் பயன்படுத்தினார்கள். ஆகவே ஒரு பதிவேட்டில் இல்லையென்றால் மற்றதையும் பாருங்கள்.

லூதரன் பதிவேடுகளைத் தேடும்போது ஹென்றி மெல்கியோர் மூலன்பெர்க் என்ற பெயர் அடிக்கடி எதிர்ப்படும். 1742இல் ஹாலே நகரத்திலிருந்து அனுப்பப்பட்டு வந்த போதகர் அவர். அதே ஹாலேயில் படித்த சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கியதை நாம் அறிவோம். அங்குள்ள ஃபிராங்கே நிறுவனத்தின் காப்பகத்தில் தரங்கம்பாடிக் கடிதங்களும் தமிழ் ஓலைச்சுவடிகளும் இருக்கின்றன. பென்சில்வேனியப் போதகர்கள் எழுதி அனுப்பிய கடிதங்களும் அதே காப்பகத்தில்தான். தங்கள் சபையாரின் வறுமையையும் சண்டையையும் நோயையும் அவர்கள் விரிவாக எழுதினார்கள். உங்கள் விவசாயியின் சபையைப் பற்றிய கடிதம் கிடைத்தால் அது பெரும் பேறு.

ஞானஸ்நானப் பதிவில் குழந்தையை விட முக்கியமானவர்கள் ஞானப்பெற்றோர்தான். முன்பின் தெரியாதவரை யாரும் அந்த இடத்தில் நிறுத்துவதில்லை. தாயின் தங்கை, தந்தையின் அண்ணன், பழைய ஊர்க்காரர் ஆகியோரே நிற்பார்கள். குழந்தைக்கும் பெரும்பாலும் அவர்களுடைய பெயரே வைக்கப்படும். மனைவியின் பிறந்த வீட்டைக் கண்டுபிடிக்க இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. உயிலில் அவர் வெறும் 'என் அன்பு மனைவி'. நில ஆவணங்களில் பெரும்பாலும் இல்லவே இல்லை. ஒரு பெண்ணின் குடும்பப் பெயரோடு 'இன்' என்ற ஜெர்மன் பெண்பால் விகுதி சேர்ந்து 'முல்லரின்' என்று வந்தால், முல்லர் குடும்பத்தில் பிறந்தவரோ மணமாகி வந்தவரோ என்று கொள்ளுங்கள். அதைத் தனிப் பெயராக எண்ண வேண்டாம்.

தேதிகளைப் பார்த்த மாத்திரத்தில் மாற்றி எழுதிவிடாதீர்கள். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் 1752 வரை ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது. ஆகவே பிப்ரவரி 1731/32 என்று இரட்டை எண் வரும். 1752இல் செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14. ஜெர்மன் பகுதிகளோ 1700க்குள் பெரும்பாலும் புதிய நாட்காட்டிக்கு வந்துவிட்டன. போதகர் '7பெர்' என்று எழுதியிருந்தால் அது செப்டம்பர், ஜூலை அல்ல. மூலத்தில் உள்ளதை உள்ளபடி நோட்டில் எழுதுங்கள். விளக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் என்னும் சிக்கல்

யோஹான் கெயோர்க், யோஹான் பீட்டர், யோஹான் ஆடம் மூவரும் ஒரே வீட்டுச் சகோதரர்களாக இருப்பார்கள். முன்னால் நிற்கும் யோஹான் ஞானஸ்நானப் பெயர். அழைக்கும் பெயர் இரண்டாவது. எனவே வரிப் பட்டியலில் அவர் வெறும் பீட்டர். ஆனால் யோஹானஸ் என்று முழுதாக இருந்தால் அதுவே அழைக்கும் பெயர்.

குடும்பப் பெயரில் இரண்டு வகை மாற்றம் நடக்கிறது. ஒன்று மொழிபெயர்ப்பு: ஸிம்மர்மன் கார்பென்டர் ஆனார், சில ஷ்னைடர்கள் டெய்லர் ஆனார்கள். மற்றது ஒலி. ரைன் பகுதிப் பேச்சு வழக்கில் வல்லொலிக்கும் மெல்லிய ஒலிக்கும் வேறுபாடு மங்கலானது. ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். ப, ட, க ஒலிகளுக்கு ரோமன் எழுத்தில் இரண்டிரண்டு எழுத்துகள் இருப்பதால் ஒரே மனிதர் அகராதியின் இரு மூலைகளில் போய் உட்கார்ந்துவிடுவார். தமிழ் எழுத்து இங்கே நமக்குக் கைகொடுக்கிறது. கெர்பர் என்று தமிழில் எழுதுங்கள். முதல் எழுத்தை இரண்டு விதமாகவும் நடு எழுத்தை இரண்டு விதமாகவும் ரோமனில் மாற்றினால் நான்கு வடிவங்கள் வரும். நான்கையும் தேடுங்கள். பெயரைத் தமிழில் எழுதிவைத்து அதிலிருந்து எழுத்துக்கூட்டல்களை விரிப்பது நல்ல பழக்கம்.

இப்போது கப்பல்

1727 முதல் பிலடெல்பியாவில் இறங்கிய, 16 வயதும் அதற்கு மேலும் உள்ள அயல்நாட்டு ஆண்கள் பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாச உறுதி எடுக்க வேண்டியிருந்தது. அதனால்தான் இந்தப் பட்டியல்கள் பிறந்தன. ஒரு கப்பலுக்கு ஏ, பி, சி என்று மூன்று பட்டியல்கள் வரை இருக்கும். ஏ என்பது கப்பல் தலைவர் கொடுத்தது. பி, சி இரண்டும் உறுதி எடுத்தவர்கள் கையொப்பமிட்டவை. ஸ்ட்ராஸ்பர்கரும் ஹின்கேயும் 1934இல் பதிப்பித்த மூன்று தொகுதிகளில் இவை அச்சாகியிருக்கின்றன. இரண்டாம் தொகுதியில் கையொப்பங்களின் படங்களே இருக்கின்றன. நோயாளிகள் உறுதி எடுக்க வராமல் போயிருக்கலாம். பெண்களும் குழந்தைகளும் பெரும்பாலும் பட்டியலில் இல்லை. ஆகவே தனியாக வந்தவர்போல் தெரிகிறவர் ஆறு பிள்ளைகளோடு வந்திருக்கக்கூடும். பெயருக்கு நடுவே ஒரு பெருக்கல் குறி இருந்தால் அவர் எழுதத் தெரியாதவர். பெயரை எழுதியவர் எழுத்தர்.

மூல உயிலின் கையொப்பத்தை இப்போது வெளியே எடுங்கள். ஜெர்மன் கையெழுத்தில் முதல் எழுத்தின் சுழிப்பு, யூவின் மேல் போடும் வளைவு, கடைசி எழுத்தின் வால் ஆகியவை முப்பது ஆண்டுகள் கழித்தும் பெரும்பாலும் நிலைத்திருக்கும். முதுமையில் கை நடுங்கினாலும் எழுத்தின் போக்கு மாறுவதில்லை. கையொப்பம் ஒத்துப்போனால், அவருக்கு மேலும் கீழும் உள்ள பெயர்களை நோட்டில் உள்ள அண்டை நிலக்காரர்கள், சாட்சிகள், ஞானப்பெற்றோர் ஆகியோரோடு ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று பெயர்களாவது பொருந்தினால் தைரியமாக முன்னேறலாம். ஒன்றும் பொருந்தாவிட்டால் காத்திருங்கள்.

கப்பலில் வந்த ஆண்டுக்குப் பிறகு சில ஆண்டுகள் அவர் எந்த ஆவணத்திலும் இல்லாமல் போகலாம். பயணக் கட்டணம் கட்ட முடியாதவர்கள் அதை ஈடுகட்ட ஒரு முதலாளியிடம் ஒப்பந்த வேலைக்குப் போனார்கள். 1750இல் பயணம் செய்த கோட்லீப் மிட்டல்பெர்கர், பெரியவர்கள் 3 முதல் 6 ஆண்டுகள் வரை உழைக்க வேண்டியிருந்ததாகவும், சிறுவர்கள் 21 வயது வரை கட்டுண்டு கிடந்ததாகவும் எழுதினார். ஹைல்பிரான் நகரிலிருந்து ஹாலந்து வரையிலான ஆற்றுப் பயணத்தில் 36 சுங்கச் சாவடிகள் என்றும் அவர் கணக்குச் சொல்கிறார். தம் நாட்டாரை அமெரிக்கா போகவிடாமல் தடுப்பதற்காக எழுதியவர் அவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இன்னொரு கைப்பிடி, 1740ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். ஏழு ஆண்டு வசித்தவர்களுக்கே அது பொருந்தும். அந்தச் சட்டப்படி 1750இல் குடியுரிமை பெற்றவர் 1743க்குள் வந்திருக்க வேண்டும்.

பிலடெல்பியா பட்டியலில் இல்லையென்றால் அவர் வரவில்லை என்று ஆகாது. கான்ராட் வைசரை எடுத்துக்கொள்ளுங்கள். 1696இல் வுர்ட்டம்பெர்க்கில் பிறந்து, சிறுவனாக 1710இல் நியூயார்க்கில் இறங்கி, 1729இல் டல்பிஹாக்கனுக்கு வந்து பண்ணை அமைத்தவர். பூர்வகுடிகளான மோஹாக் மக்களின் மொழியைக் கற்று மாகாணத்தின் மொழிபெயர்ப்பாளராக விளங்கி 1760இல் மறைந்தார். பிலடெல்பியா கப்பல் பட்டியலில் அவரைத் தேடிக் களைத்துப் போகலாம். முதல் பயிற்சிக்கு இவரையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன். விடை ஏற்கெனவே தெரிந்திருப்பதால் எந்த ஆவணம் எப்படிப் பேசுகிறது என்பது நன்றாகப் பழகிவிடும்.

ரைன் கரையில்

ஆங்கிலேயர் எல்லா ஜெர்மானியரையும் பாலட்டைன் என்றே எழுதினார்கள். அந்தச் சொல்லை நம்பி, ரைன் கரையிலுள்ள பாலட்டினேட் பகுதியில் மட்டும் தேடாதீர்கள். அவர் கிரைக்காவ், ஹெஸ்ஸே, அல்சாஸ், சுவிட்சர்லாந்து எங்கிருந்தும் வந்திருக்கலாம். ஊர்ப் பெயர் தெரியாமல் அங்கே தேடுவது வீண். கப்பலில் பக்கத்தில் நின்றவர்களில் ஒருவருடைய ஊராவது தெரிந்தால் அங்கே தொடங்கி, சுற்றியுள்ள கிராமங்களைப் பாருங்கள். புராட்டஸ்டன்ட் பதிவேடுகள் பல ஆர்க்கியான் தளத்தில் கட்டணத்துக்கும், கத்தோலிக்கப் பதிவேடுகள் பல மேட்ரிகுலா தளத்தில் இலவசமாகவும் கிடைக்கின்றன. 1689ஐ ஒட்டிய போரில் பல ஊர்கள் எரிந்ததால் அதற்கு முந்தைய ஏடுகள் இல்லாமலும் போகும். ஊரைவிட்டுப் போகிறவர் பண்ணையடிமைக் கட்டிலிருந்து விடுதலை பெறப் பணம் கட்டிய ரசீதுகள் சில இடங்களில் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் போகும் இடம் பென்சில்வேனியா என்றே எழுதப்பட்டிருக்கும்.

ஞானஸ்நானப் பதிவு கிடைத்துவிட்டால் அந்த மகிழ்ச்சியில் நோட்டை மூடிவிடாதீர்கள். அதே ஊரின் அடக்கப் பதிவேட்டை எடுத்து, அடுத்த பதினைந்து ஆண்டுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். அந்தக் குழந்தை மூன்று வயதில் இறந்திருந்தால் அது நீங்கள் தேடும் ஆள் அல்ல. இறந்த குழந்தையின் பெயரை அடுத்துப் பிறந்த குழந்தைக்கு வைப்பது அவர்கள் வழக்கம். ஞானஸ்நான ஏட்டுக்குத் திரும்பி, அதே பெற்றோரின் பெயரோடு சில பக்கங்கள் தள்ளித் தேடுங்கள்.